பெட்ரோல் ஆவி கசியும் ஸ்கூட்டர்: வணிகர்களுக்கு ஒரு பாடம்



நமது வியாபாரத்தில் ஸ்கூட்டருக்கு உள்ள பங்கு சிறிதன்று. புக்கிட் செந்தோசாவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், உணவகம் நடத்துபவர், துணிமணி விற்பவர், இரவுச் சந்தைக்குச் சரக்கு கொண்டு போகிறவர் ஆகிய எல்லோரும் ஏதேனும் ஒரு வண்டியை நம்பித்தான் தொழில் செய்கிறோம். செரண்டாவுக்கும் பத்தாங் காலிக்கும் ஓடுவதும் அதுவே. பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பற்று வரவு வசூலிக்கப் போவதும் அதுவே.

இரவு கடையை அடைத்த பிறகு அந்த வண்டி எங்கே நிற்கிறது? திருட்டுக்கு அஞ்சி நம்மில் பலர் அதைக் கடைக்குள்ளேயே ஏற்றி நிறுத்தி, இரும்புக் கதவை இறக்கிப் பூட்டுகிறோம். சில கடைகளில் மாடியில் பணியாளர்கள் உறங்குகிறார்கள். கீழே அடுப்பும் எரிவாயு உருளையும் இருக்கின்றன. யாரும் தொடாமல் தானாக ஓடித் தானாக நிற்கும் குளிர்பெட்டியும் இருக்கிறது. இத்தகைய இடத்தில் வண்டியிலிருந்து பெட்ரோல் ஆவி கசிந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். அதனாலேயே ஸ்கூட்டரின் ஆவிக் கசிவையும் அதைக் கண்டறியும் முறையையும் இம்முறை பாடமாக எடுத்துக்கொண்டோம்.

“பெட்ரோல் வண்டியென்றால் பெட்ரோல் வாசனை வரத்தானே செய்யும்” என்று சிலர் சொல்வதுண்டு. டாங்கி மூடியில் ஒரு சிறு துளை வழியாக ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருந்த பழைய வண்டிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்புள்ள புதிய ஸ்கூட்டர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் நின்ற வண்டியிலிருந்து வாசனை தொடர்ந்து வருமானால், எங்கோ ஒரு பழுது இருக்கிறது என்பதே பொருள்.

ஆவியின் இயல்பு

பெட்ரோல் நமது நாட்டு வெயிலில் இடைவிடாது ஆவியாகிக்கொண்டே இருக்கும் திரவம். வெயில் வேண்டுமென்றுகூட இல்லை. நீர் உறையும் குளிரைவிட 40 பாகை கீழே சென்றாலும் தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது புகைபோல் மேலே போவதில்லை. தண்ணீர்போல் தரையோடு தரையாகப் பரவித் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. கடையின் முன்புறம் நிற்கும் வண்டியின் ஆவி, பின்கட்டில் எரியும் அடுப்பைத் தேடிப் போகக்கூடும்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் அது கலந்தாலே ஒரு பொறி போதும். குளிர்பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும்போது அதன் மின்னிணைப்பில் எழும் பொறி, விளக்கின் பொத்தான், கொசுவர்த்தி ஏற்றும் தீக்குச்சி, வெள்ளிக்கிழமை இரவு நாம் போடும் சாம்பிராணியின் கங்கு, இவற்றுள் எதுவும் போதும். இவையன்றி, பெட்ரோலில் அடங்கிய பென்சீன் என்னும் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் காற்றை இரவெல்லாம் சுவாசிப்பவர் நமது பணியாளர் என்பதை மறக்கலாகாது.

இந்த அமைப்பு எப்படி வந்தது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரியும் ஒரு புகைமூட்டம் பல ஆண்டுகள் வருத்திக்கொண்டிருந்தது. ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணிபுரிந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயன அறிஞர், 1950களின் தொடக்கத்தில் அதன் காரணத்தை விளக்கினார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் எரியாத எண்ணெய் ஆவி, எஞ்சின் புகையோடு சேர்ந்து, சூரிய ஒளிபட்டு அந்த நச்சு மூட்டமாக மாறுகிறது என்பதே அவர் கண்டது. ஓடும் வண்டியின் புகை மட்டுமல்லாமல், நிற்கும் வண்டியின் டாங்கியும் காற்றைக் கெடுக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1970ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து டாங்கி ஆவியைப் பிடிக்கும் அமைப்பைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. மோட்டார் சைக்கிள்களுக்கு அது 1980களில் வந்தது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நான்காம் கட்டப் புகை விதிகள் அமலாயின. அதற்குச் சில நாட்கள் முன்னர், அதாவது மார்ச் 29 அன்று, பழைய விதிப்படி செய்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சரக்கு தேங்கிய விற்பனையாளர்கள் இரண்டே நாட்களில் விலையைக் குறைத்து விற்றுத் தீர்க்க ஓடியது வணிகர்களாகிய நமக்கு நினைவிருக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் கட்ட விதிகள் வந்தன. அவற்றின்படி, மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது ஓர் இருசக்கர வண்டியிலிருந்து வெளியேறும் ஆவி 1.5 கிராமைத் தாண்டக்கூடாது. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதியிலும் இதே அளவுதான். 1.5 கிராம் பெட்ரோல் என்பது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. உலகச் சந்தைக்கென்று செய்யப்படும் இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இந்த அமைப்பு இருப்பது இவ்விதிகளின் பயனே.

அமைப்பை அறிந்துகொள்ளுதல்

வணிகர்களாகிய நமக்கு இதைக் கிட்டங்கி உவமையால் விளக்குவது எளிது.

டாங்கியில் எழும் ஆவிதான் சரக்கு. அது மேற்புறத்திலுள்ள ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் புறப்படுகிறது. வழியில் ஒரு சிறு வால்வு இருக்கும். வண்டி சாய்ந்து விழுந்தால் திரவப் பெட்ரோல் குழாய்க்குள் போகாமல் அடைப்பது அதன் வேலை. அதைத் தாண்டி ஆவி ஒரு கரிக்குடுவைக்குள் நுழைகிறது. மெக்கானிக்குகள் இதைக் கேனிஸ்டர் என்பர். பால் டின் அளவில் அல்லது சற்றுப் பெரிதாக, கருப்புப் பிளாஸ்டிக்கில் இருக்கும். அதுவே கிட்டங்கி. உள்ளே இருப்பது பக்குவப்படுத்திய கரி. தேங்காய் ஓட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் இவ்வகைக் கரி செய்யப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் அதில் உள்ளதால், ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரும். ஆவி அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டித் தங்குகிறது.

கிட்டங்கிக்குச் சரக்கு வந்துகொண்டே இருந்தால் போதாது; வெளியேறவும் வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடேறியதும், பர்ஜ் வால்வு எனப்படும் மின்வால்வு திறக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில், குடுவையின் மற்றொரு வாய் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே நுழைந்து, கரியில் தங்கிய ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீணாகாமல் நமக்கே உழைக்கிறது.

ஆகக் குடுவைக்கு மூன்று வாய்கள் உண்டு: டாங்கியிலிருந்து வரும் வாய், எஞ்சினுக்குப் போகும் வாய், வெளிக்காற்று வாய். வரவு, செலவு, காற்று என்ற இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பழுது எதுவானாலும் இவற்றுள் ஒன்றில் அடங்கிவிடும்.

சோதிக்குமுன் இரண்டு கேள்விகள்

முதற்கேள்வி: கசிவது திரவமா, ஆவியா? வண்டியின் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். சொட்டு விழுந்தாலோ, குழாய் ஈரமாயிருந்தாலோ அது திரவக் கசிவு. அவ்வண்டியை முடுக்கவே கூடாது. தள்ளிக்கொண்டுபோய் வெளியில் நிறுத்தி, மெக்கானிக்கை அங்கே வரவழைப்பதே முறை. எரிபொருள் குழாய், டாங்கியிலுள்ள பெட்ரோல் பம்பின் ரப்பர் வளையம், கார்புரேட்டர் வண்டியானால் மிதவை ஊசி ஆகியவற்றை அவர் பார்ப்பார். இந்தப் பாடத்தின் மற்ற பகுதி, சொட்டு இல்லாமல் வாசனை மட்டும் வருகிற வண்டிக்கு உரியது.

இரண்டாம் கேள்வி: நமது வண்டியில் இந்த அமைப்பு உண்டா? ஒரே மாதிரியான வண்டியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். இல்லாவிடில் டாங்கியின் மேற்புறக் குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பின்தொடருங்கள். கரிக்குடுவையில் போய் முடிந்தால் உண்டு. திறந்த வாயோடு கீழே தொங்கினால் இல்லை. அமைப்பே இல்லாத வண்டியைப் பூட்டிய கடைக்குள் நிறுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும்.

வாசனை வரும் நேரமே முதல் சாட்சி

எந்த ஆணியையும் கழற்றுமுன், வண்டியை ஓட்டும் பணியாளரை அழைத்து, எந்த நேரத்தில் வாசனை வருகிறது என்று கேளுங்கள். முதலில் அறிபவர் அவரே. “முதலாளி, வண்டி நாறுது” என்று அவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யலாகாது.

பெட்ரோல் நிரப்பிய அன்று மட்டும் வாசனை வருமானால், டாங்கியைக் கழுத்துவரை நிரப்புவதே பெரும்பாலும் காரணம். பெட்ரோலின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் 100 பங்கு ஏறக்குறைய 101 பங்காக விரியும். 6 லிட்டர் டாங்கியில் அது சுமார் 60 மில்லி. வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்தப் பெட்ரோல் எங்கே போகும்? ஆவிக் குழாய் வழியாகத் திரவமாகவே குடுவைக்குள் புகும். கரி நனைந்தால் ஆவியைப் பிடிக்கும் சக்தி போய்விடும். எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக நின்ற பிறகு, கணக்கைச் சில்லறை இல்லாமல் முடிப்பதற்காக மேலும் மேலும் அழுத்தி ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நிரப்பிய அளவு எதுவானாலும் வெயிலில் நின்றால் வாசனை வருமானால், மூடியின் ரப்பர் வளையம், வெடித்த குழாய், நிறைந்துபோன குடுவை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

வாசனையோடு எஞ்சினும் தகராறு செய்தால், அதாவது சும்மா ஓடும்போது தடுமாறுதல், சூடாக இருக்கும்போது மறுபடி முடுக்கச் சிரமப்படுதல் போன்றவை தென்பட்டால், பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கக்கூடும்.

இன்னுமொன்று நமது தொழிலுக்கே உரியது. நமது வண்டிகள் பல, கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சாமான் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். எஞ்சின் சூடேறுமுன் நிறுத்திவிட்டால், வால்வு திறந்து குடுவையைக் காலி செய்ய அவகாசமே இல்லை. நாள் முழுவதும் இப்படி ஓடினால் கிட்டங்கி நிரம்பி, சரக்கு தெருவுக்கு வருவதுபோல் ஆவி காற்று வாய் வழியாக வெளியேறும். பழுதே இல்லாத வண்டியும் இதனால் நாறும். அத்தகைய வண்டியை நாளுக்கு ஒருமுறை ரவாங் வரையிலோ கோலகுபுபாரு வரையிலோ நல்ல ஓட்டமாக ஓட்டிப் பாருங்கள். வாசனை குறைந்தால் செலவில்லாமல் நோய் தீர்ந்தது.

படிப்படியான சோதனை

வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சாவி எடுத்திருக்க வேண்டும். புகைத்தல் கூடாது. வெளிச்சத்துக்குக் கைமின்விளக்குப் போதும். அதையும் வண்டியை நெருங்குமுன் ஏற்றிக்கொள்ளுங்கள். உலர்தூள் தீயணைப்பான் அருகில் இருக்கட்டும். பெட்ரோல் நெருப்பைத் தண்ணீர் அணைக்காது, பரப்பும்.

1. மூடி: டாங்கி மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகி, கீறி, கல்போல் இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். டாங்கியின் வாயில் துருவோ மண்ணோ இருந்தால் துடைக்க வேண்டும். எல்லாப் பழுதிலும் மலிவானது இதுவே. ஆதலின் இதையே முதலில் பார்ப்பது.

2. குழாய்கள்: டாங்கியிலிருந்து குடுவை வரை, குடுவையிலிருந்து வால்வு வரை, வால்விலிருந்து எஞ்சின் வரை, ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள். முனைகளில் கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் வெடிப்பு முதலில் வரும். இருக்கையையோ பக்கத் தகட்டையோ கழற்றி மாட்டிய பிறகு வாசனை தொடங்கியிருந்தால், குழாய் நசுங்கியிருக்கலாம் அல்லது வாய் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். மாற்றும்போது பெட்ரோலுக்கென்றே செய்த குழாயை வாங்க வேண்டும். மீன்தொட்டிக்குப் பயன்படும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் இறுகி வெடித்துவிடும்.

3. வெளிக்காற்று வாய்: இது திறந்திருக்க வேண்டிய வாய். இங்கே குளவி மண்கூடு கட்டும், எறும்பு புகும், தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடும் வண்டியில் சேறு அடையும். அடைப்பை மெல்ல நீக்குங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதல் கூடாது. நீர் கரிக்குள் போய்விடும்.

4. கரிக்குடுவை: கழற்றுமுன் எந்தக் குழாய் எந்த வாயில் என்று அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக் குலுக்குங்கள். திரவம் தளும்பினால் கரி நனைந்துவிட்டது. கரித்துகள் கொட்டினாலோ, எஞ்சினுக்குப் போகும் குழாயில் கருந்தூள் தெரிந்தாலோ உள்ளே வடிகட்டி உடைந்துவிட்டது. இவ்விரண்டிலும் புதிது மாற்றுவதே முறை. நெருப்பில் காட்டி உலர்த்த நினைப்பது உயிரோடு விளையாடுவதாகும். நல்ல குடுவையில், டாங்கி வாய் வழியாகச் சிறு ரப்பர்ப் பந்துப் பம்பினால் காற்றை அழுத்தினால், வெளிக்காற்று வாய் வழியாகத் தடையின்றி வரும். வாயால் ஊதுதல் கூடாது.

5. சாய்வு வால்வு: நிமிர்த்திப் பிடித்தால் காற்றை விட வேண்டும், கவிழ்த்தால் அடைக்க வேண்டும். நிமிர்ந்தும் அடைத்தால் டாங்கி மூச்சுத் திணறும். கவிழ்ந்தும் திறந்திருந்தால் வண்டி விழும்போதெல்லாம் குடுவை நனையும்.

6. பர்ஜ் வால்வு: மின்னிணைப்பு இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும்; காற்று போகக்கூடாது. போனால் பழுது. வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் இல்லாத இடத்துக்குத் தூரமாகக் கொண்டுபோய், 12 வோல்ட் கொடுத்தால் “டக்” என்ற ஒலியோடு திறக்க வேண்டும். திறவாவிடில் குடுவை என்றும் காலியாகாது. இந்தச் சோதனையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் செய்தாரா என்று கேட்பது நமது உரிமை.

7. பம்பின் வளையம்: மேற்கண்ட எல்லாம் சரியாயிருந்தும், டாங்கி நிறைந்திருக்கும்போது வாசனை கூடி, பாதியானதும் குறைந்தால், டாங்கியில் பம்பு அமர்ந்திருக்கும் இடத்தின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவி, வெயில் சூட்டில் குமிழி எழுகிறதா என்று கவனிக்கலாம். டாங்கிக்குள் கம்ப்ரசர் காற்றை ஏற்றிச் சோதிப்பது ஆபத்து. அது அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு வண்டியை ஓட்டிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய பெருமூச்சுப்போல ஓர் ஒலி வந்தால் குற்றமில்லை. பலமாகக் காற்றை உள்ளே இழுத்தாலோ, சில மைல் ஓடியதும் எஞ்சின் நின்று, மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடினாலோ, டாங்கியின் மூச்சுவழி எங்கோ அடைந்திருக்கிறது. மூன்றாம் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

குறுக்கு வழியின் கேடு

இங்கேதான் சகோதரர்கள் மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். “இந்தக் கருப்பு டப்பா தேவையில்லை, கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும்” என்று சொல்பவர் உண்டு. பாகத்தின் விலையும் மிச்சம், வேலையும் எளிது. ஆனால் நடப்பது என்ன?

குழாயை ஆணி வைத்து அடைத்தால் டாங்கிக்கு மூச்சில்லை. வெயிலில் அழுத்தம் ஏறி, மூடியைத் திறக்கும்போது பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். ஓடும்போது வெற்றிடம் உண்டாகி எஞ்சின் நடுச்சாலையில் நிற்கும். குழாயை அடைக்காமல் திறந்து விட்டாலோ, குடுவை பிடித்து வைத்திருந்த ஆவி முழுவதும் நமது கடைக்குள் வரும். எஞ்சின் பக்கத்து வாயை அடைக்க மறந்தால் வேண்டாத காற்று புகுந்து எஞ்சின் சூடேறும், தடுமாறும். வாசனை போவதற்காகக் கொடுத்த கூலிக்கு ஆபத்தை விலைக்கு வாங்கினோம் என்றாகும்.

பட்டறையில் வண்டியை விடும்போதே, “குடுவையைக் கழற்ற வேண்டாம், எது பழுதோ அதை மாற்றுங்கள், பழைய பாகத்தை என்னிடம் காட்டுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அடைப்பதும் கழற்றுவதும் பழுது நீக்கமல்ல. பழுதைப் பிறர் தலையில் ஏற்றுவதேயாகும்.

பழுது தீரும்வரை

பழுது பார்க்கும்வரை வண்டி கடைக்குள் வரக்கூடாது. அஞ்சடியும் போதாது, கதவிடுக்கு வழியாக ஆவி தரையோடு உள்ளே வரும். திறந்த வெளியில், சங்கிலியால் பூட்டி நிறுத்துங்கள். திருட்டுப் பயம் உண்மைதான். ஆனால் வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம்.

காலையில் கடையைத் திறக்கும்போது பெட்ரோல் வாசனை பலமாக அடித்தால், விளக்கு, விசிறி எதையும் போடாதீர்கள். எரிவதை அணைக்கவும் செய்யாதீர்கள். பொத்தானை அழுத்தும்போதுதான் பொறி எழும். அடுப்புப் பக்கம் போகாதீர்கள். மாடியில் இருப்பவர்களைக் குரல் கொடுத்து வெளியே அழையுங்கள். கதவையும் சன்னலையும் கையால் திறந்து வைத்து, எல்லோரும் விலகி நில்லுங்கள். வாசனை அடங்காவிடில், தூர நின்று 999 என்ற எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்புப் படையினரிடம் சொல்லுங்கள்.

நமது பொறுப்பு

இரவில் உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள நெருப்பையும் விளக்கையும் அணைத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அன்றைய விளக்கு எண்ணெய்த் திரி. இன்று நமது கடைக்குள் நிற்கும் பெட்ரோல் டாங்கியும் அந்த எச்சரிக்கைக்குள் அடங்கியதே. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்ற சமுதாயம் நாம். பிறர் உறங்கும் இடத்தில் நாமே முள்ளைப் பரப்பலாமா?

பணியாளர் நமது அமானிதம். ஊரிலே தாய் தகப்பனையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு நமது கடை மாடியில் படுத்துறங்குபவர் அவர். வாசனையைக் குறித்து அவர் ஒருமுறை சொல்லி நாம் ஏசி அனுப்பினால், மறுமுறை சொல்ல மாட்டார். அவர் வாய் மூடிய நாளிலிருந்து அந்த ஆபத்தை நமக்கு அறிவிப்பவர் யாருமில்லை.

வண்டியை விற்கும் நேரத்திலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கத் திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் தனியாகவே இறங்கியிருக்கிறது. சரக்கின் குறையை மறைத்து விற்பதும் அத்தகைய மோசமே. குடுவை கழற்றப்பட்ட வண்டியை விற்றால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆவிதானே என்று மறைத்தால், வாங்கியவர் அதைத் தம் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்குள் நிறுத்துவார்.

சகோதரர்களே! இன்று இஷாவுக்குப் பின் கடையை அடைக்கும்போது வண்டியருகே ஒரு கணம் குனிந்து நின்று முகர்ந்து பாருங்கள். ஆவி தாழ்ந்து பரவுவது என்பதால் நின்றபடி முகர்ந்தால் தெரியாது. வாசனை இல்லையெனில் அல்ஹம்துலில்லாஹ். இருந்தால் இன்றிரவே வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, நாளை காலை மூடியின் வளையத்திலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமது வாணிபத்தில் பரக்கத்தையும், நம்மை நம்பி உழைப்போருக்குப் பாதுகாப்பையும் அருள்வானாக! ஆமீன்.